ஒரு பக்கம் மட்டும் தேயும் பிரேக் பேட்

பைக்கின் டிஸ்க் பிரேக்குக்குப் புது பேட் போட்டுச் சில மாதம்தான் ஆகியிருக்கும். மறுபடி கிரீச் சத்தம். கழற்றிப் பார்த்தால் ஒரு பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்திருக்கும், அதன் ஜோடி பாதிகூடக் குறைந்திருக்காது. சரக்கு மட்டம் என்று திட்டிவிட்டு வேறு கம்பெனி பேட் மாட்டினால் அதுவும் அப்படியேதான் தேயும். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பரில் ஏதோ ஒன்று நகராமல் நிற்கிறது. எது என்பதைப் பழைய பேடே காட்டிக்கொடுக்கும். அதனால் கழற்றும்போதே எந்தப் பேட் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். லீவரைப் பிடித்ததும் பிஸ்டன் தன் பக்கத்துப் பேடை டிஸ்க்கில் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்கள் மீது வழுக்கி வந்து மறுபக்கப் பேடையும் அழுத்தும். லீவரை விட்டதும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் இம்மியளவு உள்ளே இழுக்கும். பிஸ்டனைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டன் மீது கொஞ்சம் அழுக்கு படிந்தாலே அந்த இழுப்பு போதாமல் போய்விடும்.

பிஸ்டன் பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பவில்லை, அல்லது ஸ்லைடு பின் இறுகிவிட்டது. காலிப்பரைக் கழற்றி, பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கையால் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பின்னில் தவறில்லை, பிஸ்டனைத்தான் கவனிக்க வேண்டும். எதிர்ப்பக்கப் பேட் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் உள்ளே வந்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை, கிரீஸ் காய்ந்திருக்கும். ஒரே பேட் ஒரு முனையில் தடியாகவும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் பேட் பின்னில் (பேடைத் தாங்கும் கம்பி) பள்ளம் விழுந்திருக்கலாம், பேட் ஸ்பிரிங் சரியாக உட்காராமல் இருக்கலாம், ஒரே பக்கத்தில் இரண்டு பிஸ்டன் உள்ள காலிப்பரில் ஒன்று மட்டும் சிக்கியிருக்கலாம். இலேசான சாய்வு சகஜம்தான். இரண்டு பேடும் சமமாக, ஆனால் சீக்கிரமாகத் தீர்ந்தால், பின் பிரேக்கில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் வலது காலை. சென்னை ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் பெடல் மேலேயே கால் வைத்து ஓட்டும் பழக்கம் பேடை அரைத்துவிடும்.

சென்னையில் ஸ்லைடு பின் இறுகுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. திருவான்மியூர், ராயபுரம் பக்கம் உப்புக்காற்று. ஐப்பசி கார்த்திகையில் வேளச்சேரித் தண்ணீர். ரப்பர் பூட்டில் (பின்னை மூடும் உறை) சின்னக் கிழிசல் இருந்தால் போதும், உள்ளே துரு. வாட்டர் சர்வீஸில் காலிப்பர் மீது நேராகப் பீய்ச்சி அடிப்பதும் அதே வேலையைச் செய்யும். அதைவிட மோசம், கழுவிய பின் பளபளப்புக்காக டீசல் ஸ்பிரே அடிப்பது. டீசல் ஊறிய பேடைத் தேய்த்தோ காய்ச்சியோ காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். டிஸ்க் பக்கம் அடிக்காதே என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வேலைக்குத் தேவை: ஸ்பானர், ஆலன் கீ, பழைய டூத் பிரஷ், பிரேக் கிளீனர், சிலிக்கான் கிரீஸ். சாதாரண மஞ்சள் கிரீஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ரப்பர் பக்கம் வரக் கூடாது; சீலும் பூட்டும் உப்பிப்போய்ப் பின் இன்னும் இறுகும்.

காலிப்பர் பைக்கில் இருக்கும்போதே பேட் பின்னை இளக்கிவிடுங்கள். கழற்றியபின் பிடிமானம் கிடைக்காது. போல்ட்டைக் கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பேட் தூசியை ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். பேடை எடுத்தபின் பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரத்துண்டை வைத்து, லீவரை மெதுவாக அழுத்திப் பிஸ்டனை 5 மி.மீ. போல வெளியே வரவிடுங்கள். இரட்டைப் பிஸ்டன் என்றால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை நகர்த்துங்கள். சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு சுற்றிலும் தேய்த்துத் துடைத்து, துளி பிரேக் ஆயில் தடவிக் கையால் உள்ளே தள்ளுங்கள். அழுக்கோடு தள்ளினால் சீல் கீறும். பலர் தவறுவது இங்கேதான். தள்ளும்போது மேலே ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள், பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும். பிஸ்டனில் துருப்பள்ளம் தெரிந்தால் சுத்தம் செய்து பயனில்லை. பிஸ்டனும் சீலும் புதிதாகப் போட வேண்டும்.

ஸ்லைடு பின் இரண்டும் ஒன்றுபோல இருக்காது, இடம் மாற்றிப் போடாதீர்கள். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். அள்ளி அப்பினால் துளைக்குள் காற்று அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளும். கிழிந்த பூட்டை அப்போதே மாற்றுங்கள், உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் ரிப்பேர் கிட்டாகவே கேட்டுப் பாருங்கள். பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் எது வாங்கினாலும் பழைய பேட் மட்டும் வாங்காதீர்கள்.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியரால் நாலைந்து இடத்தில் அளந்து, அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். பேடில் தேய்மானக் கோடு மறைந்தாலோ 1.5 மி.மீ.க்கு வந்தாலோ ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பின் அதன் வரம்பு 155 டிகிரிதான். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பைக்கின் ஆயில் டப்பா மூடியில் போட்டிருக்கும் ரகத்தையே, சீல் உடைக்காத பாட்டிலில் வாங்குங்கள். கடையில் பாதி தீர்ந்து நிற்கும் பாட்டில் வேண்டாம்.

எல்லாம் மாட்டியதும் வண்டியை நகர்த்துமுன் லீவர் கெட்டியாகும் வரை பம்ப் செய்யுங்கள். மறந்தால் முதல் பிரேக் வெறுமனே உள்ளே போய்விடும். பிறகு காலிச் சாலையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, நிற்காமல், பத்துப் பன்னிரண்டு முறை நிதானமாக பிரேக் பிடியுங்கள். வீடு திரும்பியதும் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இலேசாக உரசும் சத்தம் பரவாயில்லை; இரண்டு சுற்றுகூடச் சுற்றாமல் நின்றால் ஏதோ ஒன்று இன்னும் சிக்கியிருக்கிறது, மறுபடி கழற்றுங்கள். இதே ஸ்லைடு பின் வேலையை மழைக்கு முன் ஒருமுறையும் தை பிறந்ததும் ஒருமுறையும் செய்யலாம். பேட் மாற்றத் தேவையில்லை என்றால் அரை மணி நேர வேலைதான்.