குழந்தையோடு படம் பார்க்கும்போது யோசிக்காமல் சொல்லிவிடும் சொற்கள்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கூடத்தில் குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு படம் பார்க்கும் பெற்றோருக்குக் கண் திரையில் இருக்கிறது. குழந்தையோ திரையையும் பார்க்கிறது, அம்மா அப்பாவின் முகத்தையும் பார்க்கிறது. ஒரு காட்சி அஞ்சத்தக்கதா, சிரிக்கத்தக்கதா, வெட்கப்பட வேண்டியதா என்பதை அது பெரும்பாலும் அந்த முகத்திலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பள்ளம் இருப்பதுபோல் தோன்றும் கண்ணாடி மேசையின் மேல் ஒரு வயதுக் குழந்தைகளைத் தவழவிட்டு, எதிர்முனையில் தாயை நிற்க வைத்தார்கள். தாய் முகமலர்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தைக் கடந்தார்கள். தாய் அச்சம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பேச்சு வராத வயதிலேயே முகத்தைப் படிக்கத் தெரிந்த குழந்தை, வளர்ந்து நம்மோடு படம் பார்க்கும்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதில்லை. அதனால்தான், படம் முடிந்தபின் உட்கார வைத்துச் சொல்லும் அறிவுரையைவிட, நடுவில் தானாக வெளிவரும் ஒரு ‘ச்சீ’யோ ஒரு சிரிப்போ மேலாகக் கவனிக்கத்தக்கது என்று கருதுகிறேன்.

இவ்வகைத் தவறுகளில் மிகப் பரவலானது, பயந்துபோன குழந்தையிடம் “இதெல்லாம் சும்மா நடிப்புடா, நிஜம் இல்ல” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து படம் பார்ப்பது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த விளக்கம் உதவும். நான்கு வயதுக் குழந்தைக்கு உதவாது. குழந்தைகளின் திரை அச்சத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோஆன் கேன்டரும் அவருடைய குழுவினரும் கண்டது இதுதான்: பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்குத் தோற்றமே எல்லாம், பச்சை நிறப் பூதமாக மாறும் ஹல்க் நல்லது செய்யத்தான் மாறுகிறான் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை, அந்த உருமாற்றமே அவர்களை நடுங்க வைத்துவிடும். அந்த வயதில் அச்சத்தைத் தணிப்பது தர்க்கம் அன்று. மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொள்வது, கையில் பொம்மையைக் கொடுப்பது, ஒரு வாய் தண்ணீர் தருவது போன்ற உடலோடு தொடர்புடைய ஆறுதல்களே அதைத் தணிக்கின்றன. “பயந்தாங்கொள்ளி” என்று அண்ணன் கேலி செய்ய, பெரியவர்களும் சேர்ந்து சிரிக்கும் வீட்டில், குழந்தை பயத்தை விடுவதில்லை, அதைச் சொல்வதை மட்டும் விட்டுவிடுகிறது. பின்னர் இரவில் விளக்கை அணைக்க மறுக்கும்போது காரணம் யாருக்கும் புரிவதில்லை.

அழுகையிலும் இதே தவறு நேர்கிறது. குழந்தைகளுக்கென்றே எடுக்கப்பட்ட படங்களில் பெற்றோரின் மரணம் புதிய செய்தி அன்று: 1942இல் வந்த டிஸ்னியின் ‘பாம்பி’யில் தாய்மான் வேட்டையில் கொல்லப்படுகிறது, 1994இல் வந்த ‘தி லயன் கிங்’ படத்தில் தந்தைச் சிங்கம், மிரண்டு ஓடும் விலங்குக் கூட்டத்துக்குள் தள்ளப்பட்டு இறக்கிறது. அத்தகைய காட்சியில் கண் கலங்கும் பிள்ளையிடம், குறிப்பாக அது ஆண் பிள்ளையாக இருந்தால், “இதுக்கெல்லாமா அழுவாங்க?” என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னமும் இருக்கிறது. தானும் கலங்கிவிட்ட தந்தை, கண்ணில் தூசி விழுந்ததுபோலத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவதும் அதே வகைதான். பிள்ளையின் அழுகை அங்கே பேசுவது தன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற கவலையைப் பற்றி. அதற்கு விடையாக, “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாமா?” என்று கேட்டாலே போதும், பிள்ளைக்குத் தோன்றியது தவறான உணர்வு இல்லை என்பது அதற்கு விளங்கிவிடும்.

நகைச்சுவைக் காட்சிகளில் பெரியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமிழ்ப் படங்களின் நகைச்சுவையில் கணிசமான பகுதி பல காலமாகக் கறுப்பு நிறத்தையும், பருத்த உடலையும், திக்குவாயையும், பெண் வேடமிட்ட ஆணையும் நம்பியே ஓடியிருக்கிறது. நமக்கு அவை பழகிய வசனங்கள். தொலைக்காட்சியில் எத்தனையோ முறை கேட்டு, வசனம் வருவதற்கு முன்பே சிரிக்கத் தயாராகிவிடுகிறோம். ஆனால் அதே சோபாவில், பள்ளியில் நிறத்தைச் சொல்லிக் கிண்டல் செய்யப்படும் மகள் உட்கார்ந்திருக்கலாம். அவளைப் பொறுத்தவரை அந்தச் சிரிப்பு திரையில் இருப்பவரைப் பற்றியது அன்று. இங்கே தேவைப்படுவது படத்தை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துவது அன்று. அந்த இடத்தில் சிரிக்காமல் இருப்பதும், பிள்ளை நம்மைத் திரும்பிப் பார்த்தால் “இது எனக்குச் சிரிப்பா இல்ல” என்று இயல்பாகச் சொல்வதுமே பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். கதாநாயகியைத் தெருத்தெருவாகப் பின்தொடரும் நாயகனைப் பார்த்து “பையன் விடமாட்டான் போல” என்று ரசிப்பதும் இதில் சேரும். அப்படிப் பின்தொடர்வது 2013 முதல் இந்தியச் சட்டத்தில் தனிக் குற்றமாக வரையறுக்கப்பட்டு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் இருக்கிறது.

காதல் காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடி எல்லோரும் பதறுவது பெரும்பாலான வீடுகளில் காணக்கூடியது. அதே வீட்டில் அரிவாள் வெட்டு முழுதாக ஓடும், யாரும் ஓட்டிவிடமாட்டார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பிள்ளை, மனிதர்கள் ஒருவரை ஒருவர் தொடுவது வெட்கக்கேடு, வெட்டிக்கொள்வது பார்க்கத்தக்கது என்று முடிவுசெய்தால் அது பிள்ளையின் பிழையாகாது. ஓட்டிவிடுவதில் தவறே இல்லை, ஆனால் பதற்றமில்லாமல், “இது பெரியவங்களுக்கான காட்சி” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு ஓட்டலாம், வன்முறைக்கும் அதே அளவுகோலை வைக்கலாம். முன்கூட்டியே சான்றிதழைப் பார்த்துவிட்டால் இந்தப் பதற்றமும் குறையும். 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், திரையரங்குப் படங்களுக்கான யு/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்திருக்கிறது; ஓடிடி தளங்களுக்கு 2021ஆம் ஆண்டு விதிகளிலேயே இந்த வயதுப் பிரிவுகளும், 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதியும் உண்டு. பழைய படங்களில் வெறும் யு/ஏ என்று மட்டுமே இருப்பதால், அவற்றை ஒருமுறை நாமே பார்த்துவிடுவது நல்லது.

திரையில் வரும் பிள்ளையை நம் பிள்ளைக்கு எதிராகப் பயன்படுத்துவது என்னை மிகவும் வருத்தும் தவறு. சிறந்த குழந்தைகள் திரைப்படத்துக்கான தேசிய விருது பெற்ற ‘காக்கா முட்டை’யில், சென்னைக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த இரு சிறுவர்கள் ஒரு பீட்சாவைச் சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே “பாத்தியா, அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல, நீ தட்டுல மிச்சம் வைக்கிற” என்று சொல்லிவிட்டால், அந்தச் சிறுவர்களின் துடுக்கும் ரோஷமும் மறைந்து, அவர்கள் பரிதாபத்துக்குரிய உருவங்களாகவும், நம் பிள்ளை குற்றவாளியாகவும் ஆகிவிடுகிறார்கள். பிள்ளை அவர்களோடு நட்புக்கொள்ளத் தொடங்கியிருந்த நேரத்தில் நடுவில் சுவர் எழுப்பிவிடுகிறோம். படம் முடிந்தவுடன் “என்ன கத்துக்கிட்ட?” என்று கேட்பதும் இதன் தம்பிதான். “உனக்கு யாரைப் பிடிச்சுது?” என்று கேட்டால் பிள்ளை பேசும்.

முடிவை முன்னரே சொல்லிவிடுவது, பாதிப் படத்தில் கைப்பேசிக்குள் மூழ்கிவிடுவது ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, “மறுபடியும் இதே படமா?” என்ற சலிப்பு. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரே அத்தியாயத்தை ஐந்து நாள் தொடர்ந்து காட்டினார்கள். நாளாக ஆக அவர்கள் அதை மேலும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள், திரையோடு சேர்ந்து விடை சொல்வதும் கூடியது. முதல் தடவை பயந்த இடம் எங்கே வரும், எப்போது முடியும் என்பது மூன்றாம் தடவையில் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அப்போது ரிமோட்டை அதன் கையில் கொடுத்து, வேண்டிய இடத்தில் நிறுத்தவும் தாண்டவும் விடலாம். “இப்ப அந்தப் பூதம் வரும், ஆனா போயிடும்” என்று அது நமக்குச் சொல்லத் தொடங்கினால், முன்பே தெரியும் என்று இடைமறிக்காமல் கேட்டுக்கொள்ளலாம்.