கார் கேம் வாங்கும் முன் உரிமத்தைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்குக் கேட்பது பெரும்பாலும் கார் ரேஸ் கேம்தான். வாங்கிக் கொடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

கேமில் வரும் அசல் கம்பெனி கார்களும் பாட்டுகளும் உரிம ஒப்பந்தத்தில் வருபவை. ஒப்பந்தம் முடிந்தால் கேமையே விற்பனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். 2018இல் வந்த ஃபோர்ஸா ஹொரைசன் 4 இப்படித்தான் 2024 டிசம்பர் 15இல் ஆன்லைன் கடையை விட்டுப் போனது. முன்பே வாங்கியவர்கள் இன்றும் இறக்கி விளையாடலாம். எடுக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள்; அந்த நேரத்தில் விலையும் குறையலாம்.

டிஸ்க் வாங்குவது நல்லதுதான். ஆனால் 'தி க்ரூ' போல எப்போதும் இணையம் கேட்கும் கேம் என்றால் டிஸ்க்கும் உதவாது. அதன் சர்வரை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். பர்ன்அவுட் பாரடைஸில் ஓடுவது கற்பனைக் கார்கள், அதனால் கார் உரிமத் தொல்லை இல்லை. தம்பி தங்கைகளுக்கு என் முதல் சிபாரிசு அதுதான்.

கேமில் ஓட்டும்போது வளைவில் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஆக்சிலரேட்டரைச் சற்று விட்டு, பிரேக்கை ஒரு தட்டு தட்டித் திருப்பினால் பின்பக்கம் வழுக்கும். உடனே எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்பி மறுபடி ஆக்சிலரேட்டர் கொடுங்கள். கார் தாமதமாகத் திரும்புவது போலிருந்தால் டிவியில் 'கேம் மோட்' போட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரியும்.