தரையோட்டச் சோதனை: சொந்தமாகக் கட்டிய விமானத்தை முதன்முறை ஓட்டும்போது

பட்டறையில் ஆறேழு ஆண்டு உழைத்து இரண்டு இருக்கை விமானம் கட்டுகிறவருக்கு, அந்த ஆண்டுகளில் பறக்க நேரம் கிடைத்திருக்காது. விமானம் புதிது, கையோ பழக்கம் விட்டது. அமெரிக்காவில் இத்தகைய விமானங்களுக்கு, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ. வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணி நேரத்தைச் சோதனைப் பறப்புக்கென ஒதுக்குகிறது. அது தொடங்குமுன்னே, தரையில் ஓட்டிப் பார்க்கையிலேயே சில விமானங்கள் நொறுங்கிவிடுகின்றன.

ஆகவே முதலில் விமானியைத் தயார்செய்யுங்கள். சோதனைக்கு முந்தைய வாரங்களில், அதே தன்மையுள்ள விமானத்தில் பயிற்சியாளரோடு பறந்து, பாதி ஓட்டத்தில் டேக் ஆஃபைக் கைவிட்டு நிறுத்துவதைப் பலமுறை பழகுங்கள். உங்களுடையது மூன்றாவது சக்கரம் வாலடியில் உள்ள வால்சக்கர விமானம் என்றால், அதே வகையான சிட்டாப்ரியா போன்ற ஒன்றில் பழகுங்கள். மூக்குச்சக்கர செஸ்னாவில் பழகிய கால் இங்கே உதவாது.

அடுத்து எரிபொருள். ஏறுமுகத்தில் மூக்கு எவ்வளவு உயருமோ அதைவிட 5 டிகிரி கூடுதலாக உயர்த்தி நிறுத்தி, கார்பரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி அளவுக்குடுவையில் பிடியுங்கள். பம்ப் இல்லாமல் இறங்கிவரும் அமைப்பில், 100 குதிரைத்திறன் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 870 மில்லி வர வேண்டும். பம்ப் இருந்தால் 720 போதும்.

எஞ்சினை ஓட்டும்போது சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் கட்டி, தீயணைப்பானோடு ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது. 30 விநாடிக்குள் ஆயில் பிரஷர் ஏறாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஆபத்து அதிகம் இருப்பது வேகமான தரையோட்டத்தில். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மணிக்கு 5 மைல் கூட்டி, ஸ்டால் வேகத்தில் (இறக்கை விமானத்தைத் தாங்கும் மிகக் குறைந்த வேகம்) 80 சதவீதத்தோடு நில் என்பது எஃப்.ஏ.ஏ. கையேட்டின் அறிவுரை. எந்த எடைக்கான ஸ்டால் வேகம் என்று பார்க்காதவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். முழு எடை 650 கிலோவில் ஸ்டால் 45 நாட் (மணிக்கு 45 கடல்மைல்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதம் 36 நாட். ஆனால் ஓட்டத்தன்று ஒருவர்தான் இருப்பார், டேங்க் பாதி. எடை 500 கிலோ. அப்போது ஸ்டால் 39.5 நாட்டுக்கு இறங்கிவிடும். இடையில் மிஞ்சுவது மூன்றரை நாட். ஒரு சிறு காற்று வீசினாலே சக்கரம் தரையை விட்டுவிடும். வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டாட் குழாயில் கசிவு இருந்து வேகமானி குறைத்துக் காட்டினால் அந்த இடைவெளியும் இல்லை. அன்றைய எடைக்குக் கணக்குப் போட்டு, காற்று அடங்கிய விடியற்காலையில் ஓட்டுங்கள்.

எஞ்சின் பவரைக் கூட்டும் த்ராட்டிலை ஏற்றினால், பெரும்பாலான எஞ்சின்களில் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். விமானி அதைச் சரிக்கட்ட, வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் வலது ரடர் மிதியை அழுத்துவார். பிறகு பதறி த்ராட்டிலைச் சட்டென்று இழுக்கையில் கால் அங்கேயே இருந்தால் விமானம் வலப்பக்கம் வெட்டித் திரும்பும். வால்சக்கர விமானத்தில் எடைமையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய திருப்பம் தானே பெருகி இறக்கை முனை தரையில் உரசும். த்ராட்டிலைக் குறைக்கும்போதே காலையும் தளர்த்துவதை மெதுவான ஓட்டங்களிலேயே பழகிவிடுங்கள்.

தவறி எழும்பிவிட்டால் என்ன செய்வது என்பதை ஓடுமுன்பே முடிவு செய்துவைக்க வேண்டும். நிற்கத் தேவையான தூரத்தோடு 30 சதவீதம் கூட்டி, அதை ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து அளந்து, அங்கே ஓரமாகச் சிவப்புக் கொடி நடுங்கள். கொடிக்கு முன்னால் எழும்பினால் த்ராட்டிலை முழுவதும் மூடாதீர்கள். மூடினால் மூக்கு தொங்கிச் சக்கரம் அறைந்து விழும். சிறிது பவர் வைத்து, மூக்கை மட்டமாகப் பிடித்து நேரே இறக்குங்கள். கொடியைத் தாண்டிவிட்டால் முழு பவர் கொடுத்து ஏறுங்கள். அதுவே முதல் பறப்பு. அதனால்தான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஹெல்மெட், தோள்பட்டை வார், பறக்கப் போதுமான எரிபொருள், மூடிப் பூட்டிய எஞ்சின் மூடிகள் எல்லாம் வேண்டும்.

ஓட்டங்களை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். புது எஞ்சின் தரையில் அதிக நேரம் ஓடினால் சிலிண்டர் சுவர் மெருகேறி, பிஸ்டன் வளையம் படியாது. பிரேக் டிஸ்க்கும் பழுக்கும். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே எஞ்சினை நிறுத்தி, டிஸ்க் ஆறிய பின் திரவக் கசிவு உண்டா என்று பாருங்கள்.