அமெரிக்கா உருவான பாடத்தை மலையகத்திலிருந்து படிப்பது எப்படி

சாதாரண தரத்துக்கு வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கும், தோட்டத்தில் அந்தி நேரத்தில் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற அண்ணாமார் அக்காமாருக்கும் இதை எழுதுகிறேன். அமெரிக்க சுதந்திரப் போர் என்றதும் ஆண்டுகளை மனப்பாடம் பண்ணத் தொடங்காதீர்கள், அது கடைசி வேலை. முதலில் கொப்பியில் ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் பிரிட்டனை விட்டுப் பிரிந்த கதை, 1763 முதல் 1783 வரை. வலது பக்கம் அப்படிப் பிரிந்த 13 குடியேற்றங்கள் ஒரே நாடாகச் சேர்ந்த கதை, அது 1791 வரை போகும். இடது பக்கத்தை ஊன்றிப் படித்துவிட்டு வலது பக்கத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுவதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் மலையகத்து ஆட்கள் நின்று படிக்க வேண்டியது வலது பக்கத்தில்தான் அதிகம்.

இடது பக்கத்தை ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: பிரிட்டனுக்குத் திடீரென்று ஏன் காசு தேவைப்பட்டது? ஏழாண்டுப் போரில் பிரான்ஸை வென்று 1763இல் சமாதானம் செய்தபோது பிரிட்டன் பெரிய கடனில் இருந்தது, அமெரிக்காவில் வைத்திருந்த படைக்கும் செலவு. அதனால் 1765இல் பத்திரங்கள், செய்தித்தாள்கள் போன்ற காகிதங்களுக்கு வரி போட்ட முத்திரைச் சட்டம், 1767இல் கண்ணாடி, ஈயம், காகிதம், தேயிலை போன்றவற்றுக்குத் தீர்வை. எதிர்ப்புக் கிளம்பியதும் 1770இல் மற்றதையெல்லாம் எடுத்துவிட்டுத் தேயிலையில் மட்டும் இறாத்தலுக்கு 3 பென்ஸ் தீர்வையை விட்டுவைத்தார்கள்.

தேயிலை என்றவுடன் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், அந்த ஆர்வத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் இரண்டு விஷயத்தைச் சரியாகச் சொல்லுங்கள். வரியை எதிர்த்த அமெரிக்கக் குடியேற்றக்காரர் பொஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டியது நம் மலைத் தேயிலை இல்லை, சீனத் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல், கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. இரண்டாவது விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்: தேயிலை விலை ஏறியதால் கொட்டினார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். 1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் உண்மையில் விலையைக் குறைத்தது. கிழக்கிந்தியக் கம்பனியிடம் விற்காத தேயிலை குவிந்து கிடந்தது, அதை நேராக அமெரிக்காவுக்கு அனுப்ப வழி செய்தார்கள், பழைய 3 பென்ஸ் மட்டும் அப்படியே இருந்தது. மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால், தங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லாத பாராளுமன்றம் தங்கள் மீது வரி போடலாம் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும், உள்ளூர் வியாபாரிகளின் பிழைப்பும் போய்விடும். 1773 டிசம்பர் 16ஆம் திகதி இரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலுக்குள் போனதற்குக் காரணம் இது.

அப்புறம் ஆண்டுகளுக்கு வருவோம். நம் நாட்டோடு சேர்த்துக் கட்டினால் அவை மறக்காது. 1776 ஜூலை 4இல் சுதந்திரப் பிரகடனம் வந்தபோது கண்டியில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆட்சி, கரையோரம் ஒல்லாந்தர் கையில். பிரான்ஸ் 1778இல் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது, பிறகு ஒல்லாந்தும் பிரிட்டனோடு மோதும்படி ஆனது, அந்தப் போரின் அலை திருகோணமலை வரை வந்தது: 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதைப் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார்கள். 1781 ஒக்டோபரில் யோர்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி கோர்ன்வாலிஸ்தான் 1786இல் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தவர். இதையெல்லாம் உலகப் படத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள்.

இனி வலது பக்கம். 1783இல் பரிஸ் உடன்படிக்கையோடு போர் முடிந்துவிட்டது, ஆனால் மத்தியில் இருந்த கொங்கிரஸுக்கு வரி அறவிடும் அதிகாரம்கூட இல்லை. 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டிணைப்பு விதிகளின்படி அது மாநிலங்களிடம் காசு கேட்கலாம், அவை கொடுத்தால் உண்டு. 1786இல் மசாசூசெட்ஸில் கடனிலும் வரியிலும் நொந்துபோன விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள், அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான டானியல் ஷேஸ் சுதந்திரப் போரில் சண்டை போட்டவர். 1787 மே முதல் செப்டெம்பர் வரை பிலடெல்பியாவில் 55 பிரதிநிதிகள் கதவை மூடிக்கொண்டு புதிய அரசியலமைப்பை எழுதினார்கள், 39 பேர் கையெழுத்திட்டார்கள், ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. ஒன்பதாவது மாநிலம் 1788 ஜூனில் ஒப்புக்கொண்டதும் அது செல்லுபடியானது. 1789இல் வொஷிங்டன் ஜனாதிபதி, 1791இல் உரிமைகள் சட்டம்.

இங்கே நிறுத்திவிட்டு ஒரு கணக்குச் செய்யவையுங்கள். பலகையில் இரண்டு மாநிலம் எழுதுங்கள். ஒன்றில் 100 சுதந்திர மனிதர்கள். மற்றதில் 100 சுதந்திர மனிதர்களும் 100 அடிமைகளும். அரசியலமைப்பின் முதல் உறுப்புரைப்படி, பிரதிநிதிகள் சபை ஆசனங்களை மாநிலங்களுக்குச் சனத்தொகைப்படி பகிரும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கு சேர்த்து எண்ணப்படும். அப்படியானால் இரண்டாவது மாநிலத்தின் எண்ணிக்கை 160. அந்தக் கூடுதல் 60க்குரிய பலம் யார் கைக்குப் போகிறது? வாக்கில்லாத அடிமைக்கு இல்லை, அவரை வைத்திருக்கிற எசமானுக்கு. அடிமைகளை முழுசாக எண்ணச் சொன்னது தெற்கு, எண்ணவே கூடாது என்று வாதாடியது வடக்கு. பிள்ளைகள் இதைத் தலைகீழாகத்தான் நினைப்பார்கள், அதனால் இரண்டு தரம் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கு புரிந்த பிறகு நம் ஊர்க் கதையைச் சொல்லுங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, நம் ஆட்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள், வாக்கும் போனது. ஆனால் தேர்தல் தொகுதிகளைப் பிரிக்கும்போது லயத்தில் இருந்தவர்களின் தலைகளும் சனத்தொகையோடு சேர்த்து எண்ணப்பட்டன. அவர்களை எண்ணிக் கிடைத்த ஆசனங்களுக்கு அவர்கள் வாக்குப் போட முடியாது. அடிமைத்தனமும் நாடற்ற நிலையும் ஒன்றல்ல, அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். விற்கப்பட்ட ஒரு மனிதனின் துயரத்தை நம்முடையதோடு சமப்படுத்த எனக்கு மனம் வராது. தலையை எண்ணிவிட்டுக் குரலை மறுக்கிற வழி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று. இதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு ஐந்தில் மூன்று பரீட்சைக்காகப் படித்த எண்ணாக இருக்காது.

மூலத்தையும் கொஞ்சமாவது வாசியுங்கள். சுதந்திரப் பிரகடனம் ஒரே ஒரு தாள்தான், அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கிறது, போனில் இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் கஷ்டமென்றால் ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்துப் பந்தி பந்தியாகச் சொல்லச் சொல்லுங்கள். மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்கிற வரி தொடக்கத்தில் வரும், அதை எல்லோரும் படிப்பார்கள். மன்னர் மீதான குற்றச்சாட்டுகளில் கடைசியையும் படிக்கவையுங்கள்: அதே தாளில் பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று எழுதியிருக்கிறார்கள். 1783 உடன்படிக்கையில் மிசிசிப்பி ஆறு வரையிலான நிலம் கைமாறியபோது அந்த மண்ணில் வாழ்ந்த பூர்வகுடிகள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் ஆட்கள் 975,000 பேரின் தலைவிதியை இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் பேசியதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள், இரண்டு பாடமும் சேர்ந்து மனதில் நிற்கும்.

வலது பக்கத்தின் அடியில் இன்னும் நாலு ஆண்டுகள் எழுதுங்கள், பாடப்புத்தகம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. 1790இல் அமெரிக்கப் பிரஜாவுரிமை கோரும் வழி சுதந்திர வெள்ளையருக்கு மட்டும் திறந்தது. 1868இல் அங்கே பிறந்த கறுப்பின மக்களையும் பிரஜைகளாக்கிய 14ஆவது திருத்தம். 1924இல் பூர்வகுடிகள் எல்லோருக்கும் பிரஜாவுரிமை. பக்கத்திலேயே 2003, நாடற்றவர்களாக எஞ்சியிருந்த நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டத்தின் ஆண்டு.

கடந்தகால வினாத்தாள்களை இதற்குப் பிறகு எடுங்கள். காரணம் கேட்டால் இடது பக்கத்தைப் பார்த்து எழுதலாம், விளைவு கேட்டால் வலது பக்கம். விளைவில் பிரான்ஸை விட்டுவிடாதீர்கள்: அமெரிக்கருக்கு உதவி செய்த செலவும் சேர்ந்து அதன் திறைசேரியைக் காலியாக்கியது, அடுத்து 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்கு அங்கிருந்தே போய்விடலாம்.