கீரைக் கட்டோடு ஒரு தமிழ் வகுப்பு

என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சொல், பொருள் பட்டியலைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் அவற்றில் ஒன்றுகூட வராது. எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்தான்: கீரையையும் வெட்டினார்கள், விறகையும் வெட்டினார்கள், பூவையும் வெட்டினார்கள்.

சரி, பட்டியலை விட்டுவிட்டு வினைச்சொல்லில் தொடங்கலாம் என்று முளைக்கீரை, மாங்காய், தேங்காய் எடுத்துப் போனேன். கீரையைப் பிள்ளைகளே கிள்ளினார்கள். மாங்காயை நான் தோல் சீவி, கீறி, நறுக்கிக் காட்டினேன். தேங்காயை உடைத்துத் துருவினேன். (கத்தியும் துருவியும் என் கையில் மட்டும்தான்.) ஒவ்வொன்றையும் செய்யும்போதே முழு வாக்கியமாகச் சொல்ல வைத்தேன். “டீச்சர், எங்க தாத்தா பனங்கிழங்கைப் பிளப்பாரு” என்று, வாயே திறக்காத ஒரு பையன் சொன்னான். அதற்கப்புறம் வீட்டுச் சொற்கள் வரிசையாக வந்து விழுந்தன. வட்டாரச் சொல் வந்தால் திருத்தாமல் அதையும் கரும்பலகையில் எழுதினேன்.

2022-இல் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம் வந்ததிலிருந்து 1 முதல் 3 வகுப்பு வரை செயல்பாடுகளுக்கு இடம் இருக்கிறது. இதையும் அதில் சேர்த்துக்கொண்டேன். வாரத்துக்கு நாலைந்து சொல் போதும். ஆனால் அதே சொற்கள் மதிய உணவு வரிசையிலும், கதை சொல்லும்போதும், அடுத்த வாரமும் திரும்ப வர வேண்டும். ஒருமுறை கேட்ட சொல் இந்த வயதில் தங்குவதில்லை.

போன வாரக் கட்டுரையில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: “அம்மா முருங்கைக்கீரையை உருவினாள்.” நான் சொல்லிக்கொடுக்காத சொல் அது.