பொத்தான் இல்லாத சட்டை: பழைய உடுப்பை உடுத்திய விதத்தைக் கண்டறியும் முறை

கீழக்கரையில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டிக்குள், பாச்சை உருண்டை வாடையோடு, 'வாயில்' என்னும் மெல்லிய துணியில் பூவேலை செய்த வெள்ளைச் சட்டை ஒன்றும், மெழுகிட்டுச் சாயம் தோய்த்த பாத்திக் சாரம் (கைலி) ஒன்றும் கிடைத்தன. சட்டையின் முன்புறம் முழுவதும் திறந்திருந்தது. பொத்தான், கொக்கி, நாடா எதுவும் அதில் இல்லை. கடல் கடந்து போய்வந்த சபுராளிகள் கொண்டுவந்த இத்தகைய உடுப்புகள் இராமநாதபுரம் கரையோர வீடுகளில் இன்றும் அவ்வப்போது வெளிப்படுகின்றன. உடுத்தியவர் உயிரோடு இல்லாதபோது அதை உடுத்திய விதத்தைக் கண்டறிவது எப்படி என்பதை, நான் செய்த பிழையையும் சேர்த்து, வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, துணியைத் துவைக்காதீர்கள். உப்புக்காற்றில் பிசுபிசுத்துப் பழுப்பேறிய துணியைக் கண்டதும் வாளியில் ஊறவைக்கத்தான் கை போகும். ஆனால் கறையும் மடிப்பும் வியர்வைத் தடமும்தான் நம் கையிலிருக்கும் சாட்சிகள். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு, வெயில் நேரே விழாத சன்னலோரத்தில் சுத்தமான வேட்டி ஒன்றை விரித்து, அதன்மேல் உடுப்பைப் பரப்புங்கள். தொடுவதற்கு முன்பு, கிடந்த நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உடுப்பை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு தையல்காரர் எதை எதிர்பார்த்துத் தைத்தார் என்பது உட்புறத்தில்தான் தெரியும். எங்கள் சட்டை இடுப்பைப் பிடித்து நிற்குமாறு வெட்டப்பட்டிருந்தது. முன்பக்கத்தின் இரு கீழ்நுனிகளும் கூராக இறங்கி, பின்பக்கத்தைவிட நீண்டிருந்தன. பிறகு டார்ச் விளக்கைத் துணிக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, முன்விளிம்புகளை விரல் விரலாக நகர்ந்து பாருங்கள். நான் இரண்டாம் முறை பார்த்தபோதுதான், மார்பிலிருந்து இடுப்புவரை மூன்று இடங்களில், இழைகள் விலகி நின்ற சிறு துளைகள் இரு விளிம்புகளிலும் நேருக்கு நேராக இருப்பது தெரிந்தது. மேல்துளையைச் சுற்றி மட்டும் மிளகளவு பச்சைக் கறை இருந்தது. கீழே இருந்த இரண்டும் சுத்தமாக இருந்தன.

இங்கே சற்று நிதானம் வேண்டும். ஊசித்துளை கண்ட இடமெல்லாம் பழைய வழக்கத்தின் தடம் ஆகிவிடாது. பின்னால் யாரோ அவசரத்துக்குக் குத்திய சேஃப்டி பின்னாகவும் இருக்கலாம். இரும்பு ஊக்கு துருப்பிடித்துப் பழுப்புக் கறை விடும். செம்பு கலந்த நகை களிம்பேறிப் பச்சைக் கறை விடும். ஒரே இடத்தில் பலமுறை குத்திய துளையில் இழைகள் அறுபடாமல் ஒதுங்கியிருக்கும். மூன்று துளைகளும் ஒரே சீரான இடைவெளியில் இருந்ததால், இது மலாய் நாடுகளில் உடுத்தப்படும் கெபாயா என்ற முடிவுக்கு வந்தேன். கெபாயாவைப் பொத்தானுக்குப் பதிலாகக் கெரோசாங் என்னும் மூன்று அலங்கார ஊக்குகளால் மூடுவது வழக்கம். 2024-ல் ஐந்து நாடுகளின் கூட்டு விண்ணப்பத்தின்பேரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த உடை இதுதான். வாயில் துணி உடலைக் காட்டும் என்பதால் உள்ளே ஓர் உள்பாடி அணிந்திருக்க வேண்டும் என்பதும் தெளிவாயிற்று.

காலத்தை அறிய, மடிப்புக்குள் தொங்கும் தையல்நூலில் ஒரு துணுக்கை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். நைலான் உருகி மணியாக உறையும். நைலான் 1940 வாக்கில்தான் கடைக்கு வந்தது. பிற்காலத்தில் கிழிசல் தைத்த நூலைக் கொளுத்தி ஏமாந்துவிட வேண்டாம்.

நான் தவறியது சாரத்தில். நீளவாக்கில் ஓரிடத்தில் மட்டும், எதிரெதிரே நிற்கும் முக்கோண வரிசைகளோடு ஒரு பட்டை இருந்தது. நம் ஊர் ஆண்கள் கைலி கட்டும் பழக்கத்தில், அந்தப் பட்டை பின்பக்கம் வருமாறு கட்டிப் பார்த்தேன். பழவேற்காட்டின் பெயரால் மலாய்க்காரர்கள் 'பெலிகாட்' என்று அழைக்கும் ஆண்கள் சாரத்துக்கு அது சரி. கெபாயாவோடு உடுத்தும் பெண்கள் சாரத்தில் அந்தப் பட்டை பெரும்பாலும் முன்பக்கம் வரும். அதற்கு மலாயில் கெப்பாலா, அதாவது தலை, என்று பெயர். நாம் சேலையில் தலைப்பு என்பதைப் போல. சாரத்தை மீண்டும் பார்த்தபோது, பட்டைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில்தான் சாயம் தேய்ந்திருந்தது. உட்கார்ந்து எழுந்த தேய்மானம் அது. துணி சரியாகத்தான் சொல்லியிருந்தது, நான்தான் கேட்கவில்லை.

இனி ஒத்திகை. பழைய உடுப்பை நீங்கள் உடுத்திப் பார்க்கக் கூடாது. இற்றுப்போன வாயில் துணி தோள்பட்டையில் கிழிந்துவிடும். பழைய வேட்டியில் அதே அளவுக்கு ஒரு நகலை வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு, அதே மூன்று இடங்களில் ஊக்கு குத்திப் பாருங்கள். பழைய குடும்பப் படங்களோடு ஒப்பிடும்போது, படத்தில் எழுத்து எதுவும் இருந்தால் அது நேராக உள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சிட்ட படத்தில் இடமும் வலமும் மாறியிருக்கும்.

பெரியவர்களிடம் கடைசியாகப் போங்கள். "இப்படித்தானே போட்டார்கள்?" என்று கேட்டால் ஆமென்றுதான் பதில் வரும். எதுவும் சொல்லாமல் உடுப்பைக் கையில் கொடுங்கள். பக்கத்து வீட்டு மாமி சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே விரலை மேல்துளையில் வைத்தார். "மூணு ஊக்கும் தங்கத்துல இருந்துச்சு புள்ள. மேல உள்ளத அடகு வச்சு மீக்க முடியல. பொறவு அந்த எடத்துல மட்டும் கவரிங்தான் குத்துவாக" என்றார்.

அந்தப் பேச்சை அன்றைய தேதியோடு ஓர் அட்டையில் எழுதி, பச்சைக் கறையின் படத்தோடு சேர்த்து, சட்டை இருக்கும் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.