ஷூட்டர் கேம்ல ஸ்பேம் பண்றதுல எங்கெங்க தப்பு பண்றோம்

ஆளே கண்ணுக்கு தெரியாம ஒரே மூலைக்கு நேட் (கிரனேடு), ராக்கெட், அம்புன்னு போட்டுக்கிட்டே இருந்தா ஸ்பேம்னு திட்டுவோம், திட்டினவனே அடுத்த ரவுண்டுல அதத்தான் பண்ணுவான், ஏன்னா அது வேலை செய்யுது. சோக் பாயின்ட்ங்கற குறுகலான இடம் வழியாத்தான் எதிரி வந்தாகணும், அங்க எதையாவது போட்டா எவன் மேலயாவது படும். இதுல ஒரு தப்பும் இல்ல. அந்த ஸ்பேமால லாபம் யாருக்கு போகுதுன்னு பாக்காம விடறதுதான் தப்பு, பாதி நேரம் அது எதிரிக்குத்தான் போகுது, ஸ்கோர்போர்டு அத காட்டாது.

ஓவர்வாட்ச்ல இது நல்லாவே தெரியும். அம்பு விடற ஹான்சோவோ குண்டு வீசற ஜங்க்ராட்டோ எடுத்துட்டு முன்னாடி நின்னு அடி வாங்கற டேங்க் ஹீரோ மேலயே சலிக்காம அடிச்சுக்கிட்டு இருப்பாங்க, மேட்ச் முடிஞ்சதும் "டேமேஜ்ல நான்தான் டாப்"னு பேச்சு வேற. அட, செத்தாத்தானப்பா அது டேமேஜ்! நீங்க டேங்க்க அடிக்கறீங்க, பின்னாடி நிக்கிற சப்போர்ட் ஹீல் பண்றான், ஹீல் பண்ண பண்ண அவன் அல்ட் (கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் ஆகற பெரிய பவர்) ஏறுது. உங்க டீம் எல்லா அல்ட்டையும் சேத்து வச்சுக்கிட்டு உள்ள பாயற நேரத்துல எதிரி சப்போர்ட் ஜென்யாட்டா டீமையே ஹீல் பண்ற தன்னோட அல்ட், டிரான்செண்டன்ஸ் போட்டு மொத்தத்தையும் காலி பண்றான்ல, அதுக்கு பாதி சார்ஜ் குடுத்ததே நீங்கதான். எனக்கும்தான் அல்ட் ஏறுதேன்னு கேப்பீங்க. ஏறும். ஆனா ஆள் விழாம ரெண்டு பக்கமும் அல்ட் மட்டும் ஏறிக்கிட்டே போனா ஹீல் பண்றவனுக்குத்தான் அது வசதி.

எதிர்ல ஸார்யாங்கற டேங்க் இருந்தா இன்னும் மோசம். அவ பபிள் (அடிய வாங்கிக்கற கவசம்) போட்டதும் நிறுத்தணும்னு எல்லாருக்கும் தெரியும், விரல்தான் கேக்காது. பபிள்ல பட்டதெல்லாம் அவளுக்கு எனர்ஜி, அது ஃபுல் ஆனா பீம் டேமேஜ் கிட்டத்தட்ட டபுள். கெஞ்சிங்கற ஹீரோ டிஃப்ளெக்ட் போட்டான்னா நீங்க விட்டதே உங்க மூஞ்சிக்கு வரும், டி.வாங்கற டேங்க் மேட்ரிக்ஸ் போட்டா அப்படியே முழுங்கிடும். இந்த மூணு பேர்ல ஒருத்தன் எதிர்ல இருக்கான்னு தெரிஞ்சும் கண்ண மூடிக்கிட்டு சோக்ல அடிக்கறவங்கள என்னன்னு சொல்றது.

இது புதுசும் இல்ல. டீம் ஃபோர்ட்ரெஸ் 2 வந்தது 2007-ல, மறு வருஷமே பைரோங்கற கேரக்டருக்கு ஏர்பிளாஸ்ட் (காத்த ஊதற பவர்) குடுத்துட்டாங்க, எதிரி விட்ட ராக்கெட்டயும் பைப்பயும் (லாஞ்சர் குண்டு) ஊதி திருப்பி விடலாம், திரும்பி வர்றது மினி கிரிட்டா, அதாவது கூடுதல் டேமேஜோட வேற அடிக்கும். அங்க குண்டு விடற டெமோமேன் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, எந்த கேமுக்கும் பொருந்தும். டஸ்ட்போல் மாதிரி மேப்ல கேட்டைப் பாத்து நாலு பைப்ப டொப்பு டொப்புன்னு விடுவான், அடுத்து அமைதி, அவன் ரீலோட் பண்றான்னு அந்த அமைதியே எதிரிக்கு சொல்லிடும். எதிர்ல இருக்கிற சோல்ஜர் கொஞ்சம் விவரமானவனா இருந்தா நாலு சத்தத்த எண்ணிட்டு அஞ்சாவதுக்கு ராக்கெட் ஜம்ப் (காலடியில ராக்கெட் விட்டு அந்த வேகத்துல பறக்கறது) அடிச்சு உங்க தலை மேல வந்து நிப்பான். அதனால எப்பவும் ஒண்ணு ரெண்ட கையில மிச்சம் வைங்க. ஸ்டிக்கியும் (ஒட்ட வச்சுட்டு வேணும்போது வெடிக்க வைக்கிற குண்டு) அப்படித்தான், எட்டு போட்டு வச்ச பொறியில ஒன்பதாவத போட்டா மொதல்ல போட்டது வெடிச்சிடும், ட்ராப் இருக்குன்னு தண்டோரா போட்ட கணக்கு.

ஒரு டீம் பாம் வைக்க இன்னொண்ணு தடுக்கற கவுன்டர் ஸ்ட்ரைக்ல, ஸ்மோக் நேட் போட்ட புகைக்குள்ள ஸ்ப்ரே பண்றது (விடாம சுடறது) தனி வியாதி. ஏகே-47 ஒரு செகண்டுக்கு பத்து புல்லட் விடும், மேகசின்ல முப்பது, ஆக மூணே செகண்ட்ல துப்பாக்கி காலி, ரீலோடுக்கு இன்னும் ரெண்டரை செகண்ட் கிட்ட போகும். அந்த நேரம் முழுக்க நீங்க சும்மா நிக்கறீங்க, எங்க நிக்கறீங்கன்னு சத்தத்துலயே காட்டியும் குடுத்தாச்சு. அதோட புது வெர்ஷன் சிஎஸ் 2-ல புல்லட் போன வழியில ஸ்மோக்கே கொஞ்ச நேரம் கிழியும், அப்படின்னா உங்க டீம்மேட் மறைப்புக்குன்னு போட்ட ஸ்மோக்ல நீங்களே ஓட்டை போடறீங்க. காலடிச் சத்தம் கேட்டுச்சா, டீம்மேட் சொன்னானா, பாம் அங்க கிடக்கா, ஏதோ ஒரு காரணம் இருந்தா நாலஞ்சு புல்லட் விட்டுட்டு உடனே இடம் மாறுங்க. எதிரிக்கு டைம் கம்மியா இருக்குன்னாலும் தாராளமா ஸ்பேம் பண்ணுங்க, கில்லே வரலன்னாலும் அவன பத்து செகண்ட் தடுத்து நிறுத்தினா அதுவே பெரிய விஷயம். சும்மா போரடிக்குதுன்னு ட்ரிகர அமுக்கறதத்தான் வேணாங்கறேன்.

அதே கேம்ல நேட் விஷயத்துல என்ன நடக்கும்னா, ரவுண்ட் ஆரம்பிச்ச அஞ்சாவது செகண்ட்லயே டீம்ல அஞ்சு பேரும் கையில இருக்கிற எல்லாத்தையும் ஒரே வாசலுக்கு எறிஞ்சிடுவாங்க. ஃப்ளாஷ்ல நம்மாளே குருடாவான், காம்படிட்டிவ்ல ஃப்ரெண்ட்லி ஃபயர் (நம்மாள் மேல பட்டாலும் டேமேஜ்) இருக்கறதால ஹெச்இங்கற வெடி நேட் நம்மாள் ஹெல்த்தயும் தின்னும், கடைசி முப்பது செகண்ட்ல பாம் ப்ளான்ட் பண்ண ஒரு ஸ்மோக் வேணும்னா எவன்கிட்டயும் இருக்காது.

கேமே ஸ்பேமுக்கு வழி விட்டா ஆடறவன குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிடறேன். 2009-ல வந்த மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடினவங்களுக்கு நூப் டியூப்னு (துப்பாக்கியில மாட்டற கிரனேட் லாஞ்சர்) சொன்னாலே ரத்தக்கொதிப்பு வரும். ஒன் மேன் ஆர்மி பெர்க் (கூடுதல் திறமை) போட்டு கிளாஸ் மாத்தினா லாஞ்சர் குண்டு திரும்ப ஃபுல் ஆகிடும், டேஞ்சர் க்ளோஸ் போட்டா வெடிக்கு இன்னும் டேமேஜ், அப்புறம் எவன் சும்மா இருப்பான்? பேட்டில்ஃபீல்ட் 3-ல ஆபரேஷன் மெட்ரோ மேப்பும் அதே கதைதான், குறுகலான சுரங்கப்பாதைல அத்தனை பேர விட்டா நேட் மழைதான் பெய்யும். அங்க தனியா யோக்கியனா நின்னு ஒரு புண்ணியமும் இல்ல, நீங்களும் போடுங்க.

இப்ப வாய் ஸ்பேமுக்கு வருவோம், என்னக் கேட்டா நேட் ஸ்பேம விட இதுலதான் மேட்ச் அதிகமா தோக்குது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2019-ல வந்தப்போ அதோட பிங் சிஸ்டத்த (பட்டன் அமுக்கி டீமுக்கு ஒரு இடத்த காட்டறது) எல்லாரும் பாராட்டினாங்க, மைக் இல்லாமலே, பாஷை தெரியாதவனுக்கும் எதிரி எங்க, துப்பாக்கி எங்க, எங்க போகணும்னு எல்லாம் சொல்லிடலாம். அதையே ஒருத்தன் தனக்கு ஒரு ஸ்கோப் வேணும்னு பதினஞ்சு தடவ அமுக்கினான்னா, அடுத்து நெஜமாவே எதிரி வந்து சிவப்பு பிங் போடும்போது எவனும் திரும்பிக்கூட பாக்க மாட்டான், புலி வருது கதைதான். செத்துப்போனப்புறம் தன்னோட பேனர (அத எடுத்தா செத்தவன திரும்ப கொண்டு வரலாம்) எடுக்கச் சொல்லி விடாம பிங் அடிக்கறவங்களும் இருக்காங்க. எடுக்க மனசில்லாமயா நிக்கறான், அங்க ரெண்டு ஸ்குவாட் உக்காந்திருக்கு.

"ஹீல் வேணும்" பட்டனும் இதே கேஸ்தான். ஹீலருக்கு உங்க ஹெல்த் பார் ஏற்கனவே தெரியுது, நீங்க சுவருக்கு பின்னாடி நின்னுக்கிட்டு பட்டன அமுக்கறீங்க, அவன் பார்வைக்கே நீங்க வரல. ஒரு தடவ அமுக்குங்க, ரெண்டடி பின்னாடி வந்து அவன் கண்ணுல படுங்க, அவ்ளோதான். அவன் வேற ஒருத்தன சாவுலேந்து இழுத்துக்கிட்டு இருக்கும்போது ஆறு தடவ கத்தினா ஹீல் வராது, கடுப்புதான் வரும், அதுக்கப்புறம் நெஜமா தேவைப்படும்போதும் வராது.

மைக்ல பெரிய பாவம் செத்தவங்க பேசறதுதான். கவுன்டர் ஸ்ட்ரைக்ல உங்க டீம்ல ஒரே ஒருத்தன் உயிரோட இருக்கான், பாம் வச்சாச்சு, நாப்பது செகண்ட் டைமர் ஓடுது, எதிரிகிட்ட டிஃபியூஸ் கிட் இருந்தா பாம செயலிழக்க வைக்க (டிஃபியூஸ்) அஞ்சு செகண்ட், இல்லன்னா பத்து. எதிரி பாம தொட்டானான்னு ஒரு சின்ன டிக் சத்தம் கேக்கும், தொட்டுட்டு ஏமாத்தறதுக்காக விட்டுடுவான், மறுபடி தொடுவான், இந்த தடவ விடலன்னா எழுந்து சுடணும், முழு ஆட்டமும் அந்த சத்தத்துலதான் இருக்கு. அதுல நாலு பேர் "லெஃப்ட்ல, லெஃப்ட்ல, பாம்ல இருக்கான், போ போ, அய்யோ"ன்னு கத்தினா அவனுக்கு என்ன கேக்கும்? எதிரி எங்க இருந்தான், எவ்ளோ அடி வாங்கினான்னு செத்த உடனே ஒரே வரியில சொல்லிட்டு வாய மூடிக்குங்க. தோத்தா அட்வைஸ் பண்ண அடுத்த ரவுண்டுக்கு முன்னாடி டைம் இருக்கு. ஓப்பன் மைக்ல ஃபேன் சத்தம், கீபோர்டு சத்தம், பாட்டு எல்லாம் போறவங்க செட்டிங்ஸ்ல புஷ் டு டாக் (பட்டன் அமுக்கினா மட்டும் மைக் ஓடறது) ஆன் பண்ணிக்கோங்க, ஒரு நிமிஷ வேலை.

சேட்ல ஜிஜி ஈஸின்னு (நல்ல ஆட்டம், ரொம்ப ஈஸின்னு கிண்டல்) தட்டறவங்களுக்கு ஓவர்வாட்ச்காரங்க 2016-லயே ஆப்பு வச்சுட்டாங்க, அத அப்படியே டைப் பண்ணினா உங்க பேர்லயே உங்கள கிண்டல் பண்ற ஒரு வரி மாறி போகும். கில் எடுத்துட்டு பொணத்து மேல க்ரௌச் பட்டன தட்டிக்கிட்டு நிக்கறவங்கள பத்தி என்ன சொல்ல, செத்தவனோட கூட்டாளி ரெண்டு செகண்ட் பின்னாடிதான் வந்துக்கிட்டு இருப்பான், வந்ததும் அவனுக்கு ஃப்ரீ ட்ரேட், அதாவது பதிலுக்கு உங்க உயிர். உங்க டீம்லயே அடங்காத ஸ்பேமர் மாட்டிக்கிட்டான்னா சண்டை போடாதீங்க, நீங்க பதிலுக்கு டைப் பண்ற நேரத்துல நாலு பேர் ஆட்டம் மூணு பேர் ஆட்டமா ஆகிடும். மொதல்ல அவன் வாய்ஸ மட்டும் ம்யூட் பண்ணுங்க, பிங்க விட்டு வைங்க, பத்துல ஒண்ணு சரியா இருந்தாலும் உதவும். பிங்கயும் விளையாட்டா அமுக்கறான்னு தெரிஞ்சா அதையும் ம்யூட் பண்ணிட்டு ரிப்போர்ட் போட்டுட்டு ஆடுங்க.